அஞ்சு மணிப் புள்ளி

— நீயே பாரு அண்ணா. ரெண்டு. மறுபடியும் ரெண்டு. நூறு காட்ட வேண்டிய இடத்துல ரெண்டைத் தாண்ட மாட்டேங்குது.

— பதறாதே சுண்டெலி, பாத்துக்கலாம். லாப்டாப்பை வைஃபை பெட்டிக்குப் பக்கத்துல கொண்டு வா.

— பெட்டி தலையிலயே வச்சாலும் இதே கதிதான். மூணு வாரம் முன்னாடி வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்த வைஃபை. நீ வந்து, கம்பெனிக்காரன் போட்ட சாஃப்ட்வேர் குப்பை, நான் வேற ஒண்ணு ஏத்தித் தர்றேன், பறக்கும் பாருன்னே. பறந்துச்சு. இருந்த வேகமும் பறந்து போச்சு.

— திட்டு, திட்டு. வாய் திட்டட்டும், என் கை வேலை பாக்கட்டும்.

— உனக்கென்ன, விளையாட்டு. நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வீடியோ கால். அந்தப் பக்கம் காது கேக்காத அம்மா ஒருத்தங்க, கூட டாக்டர். டாக்டர் பேசறதை நான் கையால சொல்லணும். ‘கட்டி இல்லை’ன்னு சொல்லணும். ‘கட்டி’ன்னு கை காட்டினேன், படம் அப்படியே நின்னு போச்சு. ‘இல்லை’ போய்ச் சேர நாப்பது செகண்ட் ஆச்சு. அந்த நாப்பது செகண்ட் அவங்க முகம் இருந்த இருப்பு இன்னும் கண்ணுலேயே நிக்குது.

— ஐயோ.

— இன்னொரு தடவை இப்படி ஆனா வேற ஆளைப் பாத்துக்கறோம்னுட்டாங்க. எனக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும்?

— சத்தியமா இன்னைக்குச் சரி பண்ணாம எழுந்திருக்க மாட்டேன். வைஃபை சேனல் மாத்திப் பாத்தாச்சு, வேலைக்காகல. கம்பியில நேரா மாட்டினா தொண்ணூத்தஞ்சு வருது. அப்ப வெளியிலேருந்து வர்ற லைன்ல கோளாறு இல்ல. காத்துல போறதுதான் இளைச்சுப் போயிருக்கு. நான் இதைக் குடையறேன், நீ அதுக்குள்ள அந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டு வை.

— எந்தப் பேப்பர்?

— என் பையில இருக்கு. முதியோர் இல்லத்துல குடுத்தது. பிள்ளைங்க ரெண்டு பேரும் போடணுமாம். திங்கக்கிழமை காலையில வண்டி வருது.

— அப்பாகிட்ட கேட்டியா?

— கேக்கற நிலைமையிலயா இருக்காரு? எட்டு மாசமா நீ அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. கூடவே இருந்து படறவன் நான்.

— எட்டிப் பாக்கலையா? அம்மா போனதும் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்தவளை வாசல்லயே நிறுத்தி என்ன சொன்னாரு? ‘பதினோரு தடவை உன்னைக் கூப்பிட்டாளே உங்கம்மா, எடுக்காதவ இப்ப எதுக்கு வந்தே, இந்த வாசப்படியை மிதிக்காதே’ன்னாரு. தெருவே வேடிக்கை பாத்துச்சு. அம்மா கூப்பிட்ட அந்த ரெண்டு மணி நேரமும் நான் வேற யாரோ ஒருத்தங்களுக்காகக் கையை ஆட்டிக்கிட்டிருந்தேன் அண்ணா. போன் பையில கிடந்துச்சு. அவரு சொன்னதைவிட நான் எனக்குள்ள சொல்லிக்கிட்டது அதிகம்.

— சரி, அழாதே. கிளறணும்னு சொல்லல. ஆனா நீ இப்ப அவரைப் பாத்தா நம்ப மாட்டே. அஞ்சு மணி ஆனா போதும், நில அளவைக்குப் போறப்ப வச்சிருந்த அந்தப் பழைய டேப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டு முன்பக்கம் போயிடறாரு. ஒரு முனையை வீட்டு மூலையில செருகி, இழுத்துக்கிட்டே மதில் சுவர் வரைக்கும் நடக்கறாரு. சாக்பீஸால கோடு போடறாரு. அப்புறம் அங்கேயே நின்னு, சுவத்தைப் பாத்துப் பேசறாரு.

— என்னன்னு?

— நான் கிட்டப் போனா வாயை மூடிக்கறாரு. ஒரு நாள் மட்டும் காதுல விழுந்துச்சு, ‘தப்பு என் மேலதான்’னு. அம்மாகிட்டதான் பேசறாரு, வேற யார்கிட்ட? ஏழு மணி வரைக்கும் இந்தக் கூத்து. ஏழு அடிச்சா டேப்பைச் சுருட்டிக்கிட்டு உள்ள வந்து, ‘போயாச்சு’ங்கறாரு. சத்தியமா சொல்றேன், அந்த முன்பக்கம் போகவே பயமா இருக்கு.

— எத்தனை நாளா?

— மூணு வாரம் இருக்கும். ஏய், இரு, இரு. இதென்ன இது?

— என்ன?

— உன் பெட்டிக்கு அடியில ஒரு நம்பர் ஒட்டியிருப்பான், கடைசி நாலு எழுத்தைப் படி.

— ஏழு, சி, ஒண்ணு, எட்டு.

— இங்க நாலு, நாலு, பி, மூணுன்னு காட்டுது. இது உன் பெட்டி நம்பரே இல்ல. இது... அடச்சே, இது அப்பா வீட்டுப் பெட்டியோட நம்பர்!

— அது எப்படி இங்க வரும்?

— நான்தான் கொண்டு வந்திருக்கேன், மடையன். ரெண்டு வீட்டுலயும் ஒரே மாடல் பெட்டிதானே. அங்கயும் நான்தான் சாஃப்ட்வேர் மாத்தினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் செய்யறப்பவே அளவு பாத்து ஒரு சின்ன ஃபைல் எழுதி வைப்பாங்க. இந்தப் பெட்டியோட ரேடியோ எவ்வளவு சத்தமா பேசணும்ங்கறது அதுலதான் இருக்கும், அடையாள நம்பரும் அதுலதான் இருக்கும். புதுசு ஏத்தறப்ப அது அழிஞ்சு போச்சு. சரி, காப்பி எடுத்து வச்சிருக்கோமேன்னு பென்டிரைவ்லேருந்து திரும்பப் போட்டேன். ரெண்டு காப்பிக்கும் ஒரே பேரு வச்சுத் தொலைச்சிருக்கேன். அப்பா வீட்டோடதை உன் பெட்டிக்குப் போட்டுட்டேன். ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் மாட்டிக்கிட்டா கண்ணு தெரியுமா? அதான் தடுமாறுது.

— உன்னோடது காப்பி இருக்குல்ல?

— இதோ இருக்கு. போட்டாச்சு. அழுத்திட்டேன். அஞ்சு நிமிஷம். நடுவுல மட்டும் தொடக் கூடாது, தொட்டா பெட்டி செத்துடும்.

— அதனாலதானா...

— எதனால?

— இந்த போன், அண்ணா. மூணு வாரமா நான் அப்பா வீட்டுல இருக்கேன்னு மேப்புல காட்டுது. அங்க மழைன்னா எனக்குக் குடை எடுக்கச் சொல்லுது. அம்மாவோட பழைய போன்தானே, பழக்கத்துல சொல்லுதுன்னு விட்டுட்டேன். அந்த மேப்பை நிறுத்தி வைக்க மனசு வரல.

— அது ஒண்ணும் இல்ல. வீட்டுக்குள்ள இருந்தா போன் பக்கத்துல இருக்கற வைஃபை பெட்டி நம்பரை வச்சுத்தான் இடம் சொல்லும். இந்த லேஅவுட்டுல உன் வீட்டைத் தவிர வேற பெட்டியே இல்ல. நம்பர் அப்பா வீட்டோடது, அதனால... சுண்டெலி, ஏன் இப்படி முழிக்கறே?

— வேலைக்குத் தனி போன் வேணும்னு கேட்டப்ப, அப்பாவுக்குத் தெரியாம பீரோவுலேருந்து இதை எடுத்துக் குடுத்தது நீ. நான் வேலைக்கு உக்காரும்போது மட்டும்தான் இதை ஆன் பண்றேன். அஞ்சு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும். இப்பவும் ஆன்லதான் இருக்கு.

— அதுக்கென்ன?

— அம்மா தனியா வெளிய போவாங்கன்னு, எங்க இருக்காங்கன்னு காட்டற மேப்பை அவங்க ரெண்டு பேர் போன்லயும் போட்டிருந்தாரே அப்பா. அதை யாராவது எடுத்தோமா?

— ...இல்ல.

— அப்ப அஞ்சு மணி ஆனா அப்பா போன்ல என்ன தெரியும்? அம்மா பேர்ல ஒரு புள்ளி. அவரு வீட்டு வாசல்ல.

— அடக் கடவுளே. அதை அளந்து பாத்துத்தான் போயி நிக்கறாரா?

— அவருக்குப் பைத்தியம் புடிக்கல அண்ணா. நாமதான் புடிக்க வச்சிருக்கோம். அந்தப் பெட்டி மாறி முடிஞ்சதும் புள்ளி போயிடும். நாளைக்கு அஞ்சு மணிக்கு டேப்போட காத்துக்கிட்டு நிப்பாரு. ரெண்டாவது தடவையா அம்மாவை இழப்பாரு. அதை நிறுத்து!

— நிறுத்தக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.

— அப்ப அவருக்குப் போன் போடு. உன் போன்லேருந்து. நான் பேசறேன்.

— நீயா?

— நான்தான். புள்ளி போறதுக்கு முன்னாடி என் வாயால கேக்கட்டும். போடு.

— அடிக்குது. ஸ்பீக்கர்ல வைக்கறேன்.

— ஹலோ. என்னடா? கேக்குதா?

— அப்பா.

— ...பாப்பாவா?

— ஆமாப்பா.

— இரு. டேப்பைக் கீழ வைக்கறேன். இப்பச் சொல்லு. கேக்குது.

— கோவப்படாம கேளுங்கப்பா. மேப்புல அம்மா பேர்ல ஒரு புள்ளி வருதுல்ல, அது அம்மா இல்லப்பா.

— அம்மாவா? அம்மா எப்படி வருவா? கடைசி மூச்சு வரைக்கும் அவ கையைப் புடிச்சுக்கிட்டிருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

— அப்ப நீங்க...

— உங்க அண்ணன் பீரோவைத் திறந்து அவ போனை எடுத்துட்டுப் போனான். அடுக்கி வச்ச புடவை நாலு அங்குலம் நகந்திருந்துச்சு. நாப்பது வருஷம் அளந்தவன் கண்ணுக்கு அது தப்புமா? ரெண்டு மாசம் புள்ளி உன் வீட்டுல இருந்துச்சு. சரி, பொண்ணு நல்லா இருக்கா, சாயங்காலம் வேலைக்கு உக்காந்துட்டான்னு பாத்துப்பேன். இப்ப மூணு வாரமா நீதான் இங்க வர்றே.

— நானா?

— புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம் போடும் பாரு, இருபது மீட்டர். ஆள் அதுக்குள்ள எங்க வேணாலும் இருக்கலாம். முன்பக்கம் முழுக்க அளந்து பாத்துட்டேன், நீ இல்ல. மிச்சம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கற சந்துதான். வாசப்படியை மிதிக்காதேன்னு சொன்னவன் வீட்டுக்கு நீ எப்படி உள்ள வருவே? நான் கேட்டைத் திறந்தா ஓடிப் போயிடுவே. அதான் இந்தப் பக்கம் நின்னே பேசினேன். கேக்குதா?

— கேக்குதுப்பா. என்ன பேசினீங்க?

— அதைத்தான் தினமும் கேட்டுக்கிட்டு நின்னியே, திரும்பவும் சொல்லணுமா? சரி, சொல்றேன். நீ போன் எடுக்காதது உன் குத்தம் இல்ல. அன்னைக்கு எனக்கு யார்மேலயாவது பாயணும்போல இருந்துச்சு. நீ எதிர்ல வந்து நின்னே. தப்பு என் மேலதான், பாப்பா.

— அப்பா...

— சுண்டெலி, இவருக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடு.

— அண்ணா, பெட்டி!

— எழுந்துடுச்சு. தொண்ணூத்தி மூணு காட்டுது.

— பாப்பா, இரு. புள்ளி மறைஞ்சிடுச்சு. கிளம்பிட்டியா?

— அப்பா, அந்த மேப்பைப் பாக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க.

— வந்துடுச்சு. ஆனா பதினோரு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுது. இது உன் வீடாச்சே.

— ஆமாப்பா. நான் இங்கதான் இருக்கேன். அண்ணன் பெட்டியில தப்பா ஒண்ணு போட்டுட்டான். அதனால புள்ளி மட்டும் அங்க வந்துச்சு. நான் வரலப்பா. வரணும்னு எத்தனையோ நாள் செருப்பு வரைக்கும் மாட்டியிருக்கேன், ஆனா வரல. என்னை மன்னிச்சிடுங்க. இப்பவே கிளம்பி வர்றேன்.

— மூணு வாரத்துல ஒரு நாள்கூடவா வரல?

— ஒரு நாள்கூட வரலப்பா.

— அப்ப நான் பேசப் பேச, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு ‘ம்’ கொட்டிக்கிட்டிருந்தது யாரு?