வெட்டச் சொன்ன காட்சி

அவைக்குத் தலைமை தாங்கும் அருட்தந்தை அவர்களே, முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே, மடியில் மழலையும் வீதியில் ஒரு காதுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, குருநகர்க் கடலோடும் குடும்பத்தினரே, இணுவிலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த அன்பர்களே! ரீச்சர் யோசப்பினின் வணக்கம். ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டும், சுருக்கமாகவே பேசுவேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? சுருக்கமும் எனக்குத் தெரியும்!

இப்போது நாம் பார்த்தது நான் நெறிப்படுத்திய, பொம்மைகள் நடித்த வீடியோப் படம். தொலைக்காட்சியில் பொம்மை பெருமூச்சு விட்டால் நாமும் விடுகிறோமே, அதற்கு நெஞ்சு ஏது? நினைவு ஏது? நூலை நெல்லளவு தளர்த்தினால் துக்கம்; நெல்லளவு இறுக்கினால் திமிர்! கமெரா முகத்தருகே வந்து நிற்கும். மரமூக்கின் சிறு பிசிறும் மலையாய்த் தெரியும். அந்த நுட்பத்தை, வலை பின்னும் நம் சிமியோன் மூன்று மாதம் முயன்று பிடித்தார். கலியாண வீடியோ எடுக்கும் வின்சன்ற் ஒரே ஒரு பகல் கமெராவோடு வந்தார். படகுக்காரச் சம்மாட்டியார் பொம்மை போட்டிருந்த கோட்டு, காலஞ்சென்ற என் கணவருடையதை வெட்டித் தைத்தது. தையல் கோணியதென்று நான்கு முறை பிரிக்க வைத்தவள் நான்.

கடைசிக் காட்சி. சம்மாட்டியார் கையை ஓங்கி ஊரை அதட்டிவிட்டு இறக்க வேண்டும். ஓங்கினார். கை இறங்கவில்லை! கைநூல் வளையத்துக்குள் வழுக்கி ஓட வேண்டும். சிமியோனின் விரல்களோ, நாற்பது வருடப் பழக்கத்தில், இழுக்க இழுக்க இறுகும் வலைமுடிச்சைப் போட்டுவிட்டன.

"சிமியோன், கையை இறக்கும்!" என்று கத்தினேன்.

பொம்மை மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. "வகுப்பிலை கையை உயர்த்தி எவ்வளவு நேரம், ரீச்சர்! 'என்ன வேணும், கேள்' எண்டு நீங்கள் சொல்லாமல் எப்பிடி இறக்கிறது?"

வின்சன்றின் தோள் குலுங்கியது, கமெரா குலுங்கவில்லை.

"உந்தக் காட்சியை வெட்டிப்போட்டுத் திருப்பி எடும்" என்றேன்.

"நேரமில்லை ரீச்சர், பின்னேரம் அச்சுவேலியிலை கலியாணம்."

சிமியோன் என் முன்னால் வந்து நின்றார். "மூண்டு மாதம் நான்தான் பொம்மையை ஆட்டினனான், ரீச்சர். இண்டைக்குத்தான் அது தானாய்க் கதைச்சது. வெட்டாதேங்கோ."

"படம் காட்டும்போது சபை சிரிக்காவிட்டால் மறுநாளே வெட்டுவேன்" என்றேன்.

சபையோரே, நீங்கள் சிரித்தீர்களா? மூன்றாம் வரிசை வாங்குப் பலகையே சரிந்ததே! ஓம் செபநாயகம், நீர் விழுந்ததையும் கண்டனான், எழும்பி இரும்.

பிழை வராமல் ஆட்டுவது பயிற்சி. வந்த பிழையைப் பிடித்துப் பேசவைப்பது எது? பயத்தைப் பகடியாக்குவது எது? ஒரு மண்டபத்தையே ஒரே மூச்சில் சிரிக்க வைப்பது எது? அதுவல்லவா கலை! முப்பது வருடம் பிள்ளைகளின் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியவள், இன்று என் பிழையை உங்கள் முன்னிலையில் திருத்துகிறேன்: அந்தக் காட்சியில் ஒரு நொடியும் வெட்டப்படாது!

சிமியோன், திரைச்சீலைக்குப் பின்னால் என்ன செய்யிறீர்? வாரும் முன்னுக்கு. பொம்மையின் முகத்தைத்தான் இதுவரை ஊர் பார்த்தது; உம்முடைய முகத்தையும் பார்க்கட்டும். எனக்கு இட்ட இந்த மாலை உமக்கு உரியது. குனியும்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. கைதட்டலை அவருக்கே கொடுங்கள். வணக்கம்.