சமாதானம் சாரின் டீ

கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைப் போடக் கூடாது. அடுப்பை அணைத்து, தண்ணீரின் கோபம் அடங்கிய பிறகுதான் போட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் உலகத்தில் பாதிக் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போகின்றன என்பது என் கருத்து. மீதிப் பாதி சர்க்கரையால் போகிறது.

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது என்னைவிடக் கிழம். ஜன்னலோரம் வாருங்கள். போனை மேஜைமேலேயே வையுங்கள், பதிவாகட்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் பேசினால் வீட்டுப் பல்லிகூடச் சுவர் மாறிப் போய்விடுகிறது. நீங்கள் வீடு தேடி வந்து, நான் பேசுவதைப் பதிவே செய்கிறீர்கள். மனது குளிர்ந்துவிட்டது.

கீழே காரில் இருப்பவர் உங்கள் அப்பாதானே? மேலே வர மாட்டேன் என்கிறாராக்கும். மகன் திமிரெடுத்து விடுதித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினான், விழுந்தான், செத்தான் என்று நம்பிக்கொண்டு, அவன் பெயரையே வாயில் எடுக்காமல் இருக்கிறார் என்றீர்கள். பாவம். கல்லூரி அவருக்கு அப்படித்தான் சொன்னது. கல்லூரிக்கு அப்படிச் சொல்லச் சொன்னது நான். சொல்கிறேன், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முட்டாள். துண்டு போட்டு ஊருக்கே விருந்து வைத்துவிட்டால் மறைக்க வேண்டிய வேலையே இல்லை பாருங்கள்.

நான் இயற்பியல் வாத்தியார். என் வகுப்பில் பெஞ்சுகளே குறட்டை விடும். அதனாலோ என்னவோ, பாடத்தைக் குறைத்து ராகிங் தடுப்புக் குழுவை என் தலையில் கட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் கண்டிப்பானவர். முதல் புகாருக்கே போலீசைக் கூப்பிட்டார். செய்தி பரவி, அடுத்த வருடம் கல்லூரி வாசலில் காக்காய்கூட வந்து சேரவில்லை. எத்தனை பேருடைய பிழைப்பு அது? வாத்தியார், தோட்டக்காரர், பஸ் டிரைவர், அவர்கள் பிள்ளைகள். நான் யோசித்தேன். கோபத்தில் ஓடி வருகிற பிள்ளை கொதிக்கிற தண்ணீர். அதில் புகார்க் காகிதத்தைப் போட்டால் கசக்கத்தானே செய்யும்?

ஆகவே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். புகாரை எழுதி வாங்குவதற்கு முன்னால், புகார் சொன்ன பிள்ளையும் அவன் யார்மேல் சொன்னானோ அவர்களும் என் அறையில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். குடித்த பிறகு, அவர்கள் எதிரிலேயே அதே புகாரை இன்னொரு தரம் சொன்னால், எழுதிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அது புகார் இல்லை, பிள்ளைகளுக்குள் ஒரு மனத்தாங்கல். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். உங்கள் அப்பாகூட அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்.

ஒருத்தனும் இன்னொரு தரம் சொல்லவில்லை. வருடா வருடம் மேலிடத்திலிருந்து எத்தனை ராகிங் என்று கேட்பார்கள். நாங்கள் பூஜ்யம் என்போம். எங்கள் வளாகத்தில் எறும்பு எறும்பை இடிக்காது, இடித்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போகும் என்று நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன். பிரின்சிபால் என் தோளைத் தட்டி, "சார், உங்க கெட்டில்லதான் நம்ம காலேஜ் மானமே கொதிக்குது" என்பார். பிள்ளைகள் எனக்குச் சமாதானம் சார் என்று பெயர் வைத்தார்கள். என் சொந்தப் பெயரைவிட அது எனக்குப் பிடிக்கும்.

டீ மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. அதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

புகார் சொல்ல வந்தவனை முதலில் தனியாக உட்காரவைத்துப் பேசுவேன். வீட்டில் யார் யார், அம்மாவை நினைத்து அழுகிறாயா, எதற்குப் பயப்படுவாய் என்று வாஞ்சையாகக் கேட்பேன். பிள்ளைகள் கொட்டிவிடுவார்கள். ஒருவன் விளக்கில்லாமல் தூங்க மாட்டான். இன்னொருவனுக்கு அம்மாவின் பழைய புடவை தலைக்கு வேண்டும். பிறகு எல்லாரும் கூடியதும், டீயோடு டீயாக அதில் ஒன்றை எடுத்து விடுவேன். சும்மா ஒரு தமாஷுக்கு. எல்லாரும் சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் அவனும் சிரிப்பான். தானும் சேர்ந்து சிரித்த பிறகு எந்த முகத்தோடு புகார் சொல்வான்? அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. என் வாழ்நாளில் ஒரு மாணவனை நான் கைநீட்டி அடித்ததில்லை.

உங்கள் தம்பி ஒரு மத்தியான வேளையில் வந்தான். சீனியர்கள் துணி துவைக்கச் சொல்கிறார்கள், குளியலறையில் பாட வைக்கிறார்கள், மறுத்தால் அறைகிறார்கள் என்றான். கன்னத்தில் தடம் இருந்தது. வழக்கமாக வருகிறவர்கள் அழுவார்கள். இவன் அழவில்லை. "சார், நான் எழுதியே தர்றேன். அவங்க முன்னாடியும் சொல்றேன், எனக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

"எழுதுறது எதுக்குப்பா? கை வலிக்கப் போகுது" என்றேன். என் பூஜ்யத்துக்கு முதல் முறையாக ஒரு எதிரி வந்து உட்கார்ந்திருந்தான். டீ குடித்த பிறகும் இவன் சொல்வான் என்று தெரிந்துவிட்டது. அதனால் கொஞ்சம் அதிக நேரம் பேசினேன். பிஸ்கட் கொடுத்தேன். கடைசியில் சொன்னான், உயரம் என்றால் பயமாம். சின்ன வயதில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் உடம்பு விறைத்து நின்றானாம். அக்காதான் இடுப்பில் தூக்கி இறக்கினாளாம். அந்த அக்கா நீங்கள்தான். சொல்லும்போது அவன் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சாயங்காலம் சீனியர்கள் மூன்று பேர் வந்தார்கள். கேப்டன் என்று ஒருவன், அவனுக்கு வால்பிடிக்க இரண்டு பேர். டீ ஊற்றினேன். உங்கள் தம்பி கப்பைத் தொடாமலே, "சார், இவங்க என்னை" என்று ஆரம்பித்தான்.

"கேப்டன், தம்பியைக் கொஞ்சம் பத்திரமா பாத்துக்கோங்கப்பா" என்றேன். "ஸ்டூல் மேல ஏறினாலே அக்காவைக் கூப்பிடுவாராம்."

"நிஜமாவா சார்?"

"கால் நடுங்குற நடுக்கத்துல, நிலநடுக்கம்னு பயந்து தெருவே வெளிய ஓடி வந்துடுமாம்."

அறை அதிர்ந்தது. கேப்டனுக்கு மூக்கு வழியாக டீ வந்தது. வால் ஒன்று மெல்லிய குரலில் "அக்கா, அக்கா, தூக்கிக்கோ" என்றது. உங்கள் தம்பி அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான்.

"அப்புறம் தம்பி, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல சார்."

துணி துவைக்கச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வகையில் அவன் புகார் தீர்ந்துதான் போயிற்று. அதற்குப் பதிலாக விடுதி மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணிக்கு அவனைக் கூட்டிப்போனார்கள். முதலில் பாதி ஏணி வரை. அப்புறம் இன்னும் கொஞ்சம். கீழே நின்று எல்லாரும் "அக்கா, அக்கா" என்று பாடுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வார்டன் வந்து, "சார், அந்தப் பையனை டாங்க் ஏணில ஏத்தறாங்க. பாக்கவே நல்லால்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றார். "அவனா வந்து சொல்லட்டும்யா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன். ஒருத்தனுக்காக வழக்கத்தை மாற்றினால் அப்புறம் அதற்கு என்ன மரியாதை?

அவனும் வந்தான். என் அறைக் கதவு மங்கல் கண்ணாடி போட்டது. வெளியே நிழல் நின்றது. கன்றுக்குட்டி மாதிரி ஒடுங்கின தோளை வைத்தே ஆளைக் கண்டுகொண்டேன். "உள்ள வாப்பா" என்றேன். "அவங்களையும் கூப்பிடறேன். டீ சாப்பிட்டுக்கிட்டே பேசிடுவோம்."

நிழல் அசையவில்லை. அப்புறம், "வேணாம் சார்" என்று ஒரு குரல். நிழல் போய்விட்டது. நான் கெட்டிலை இறக்கி வைத்தேன்.

மறுநாள் விழுந்தான்.

கேப்டன் என் அறையில் வந்து அழுத அழுகை இருக்கிறதே, குடம் வைத்துப் பிடித்திருந்தால் அந்தத் தொட்டியே நிரம்பியிருக்கும். அவனும் பிள்ளைதானே. அவனுக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். "வேணாம் வேணாம்னு தடுத்தோம், அவன்தான் வீம்புக்கு ஏறினான்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? யாரும் அவனைத் தூக்கிப்போய் மேலே வைக்கவில்லை. அவன் கை, அவன் கால். இயற்பியல் வாத்தியார் சொல்கிறேன், வெளியிலிருந்து எந்த விசையும் செயல்படவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள், இதற்கு முன்னால் அவன் ஏதாவது புகார் கொடுத்திருக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த வருடமும் பூஜ்யம்தான்.

என் மனைவியிடம் மட்டும் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனவள், "இனிமே எனக்கு நீங்க டீ போட வேண்டாம்" என்றாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லையாம். வயசாகிறது இல்லையா?

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் தம்பி புகார் சொன்னான், என்னிடம்தான் சொன்னான். திமிரெடுத்து ஏறவில்லை. ஏணியில் நிற்கும்போதெல்லாம் பயந்துகொண்டேதான் நின்றான். அந்தக் கல்லூரியில் அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது, அதை அவர்கள் கையில் கொடுத்தது நான். தெரியாமல் வாய் தவறிச் சொன்னேன் என்றால் நீங்கள் நம்பினாலும் நம்புவீர்கள், ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவன் வாயை அடைக்க வேண்டியிருந்தது, அடைத்தேன். மற்றபடி அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அழாதீர்கள் அம்மா. போனை ஏன் எடுக்கிறீர்கள்? அப்பாவை மேலே வரச் சொல்லுங்கள். என்னிடம் கேட்டதையெல்லாம் அவர் எதிரில் இன்னொரு தரம் கேளுங்கள், நானும் இருக்கிறேன். அவருக்கும் சேர்த்து மூன்று கப் வைத்துவிட்டேன். நீங்கள் மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். உங்களுக்கும் உயரம் ஆகாதோ? தம்பியைத் தூக்கி இறக்கின அக்காவுக்கே கால் நடுங்குகிறது என்று அப்பாவிடம் சொல்லிக் கொஞ்சம் சிரிப்போம், மனசு லேசாகும்.

உட்காருங்கள், ஆறிவிடப் போகிறது. என் டீயைக் குடித்தவர்கள் யாரும் இன்றுவரை இரண்டாவது தரம் புகார் சொன்னதில்லை.