ஆறு நிமிட பைலட்

முப்பத்தொரு வருஷத்தில் நான் ஓட்டாத ஹெலிகாப்டர் கிடையாது, சார். பின்பக்கமாகக்கூட ஓட்டியிருக்கிறேன். ஒருமுறை மேகத்தில் உரசி வண்டிக்குப் பெயிண்ட் போய்விட்டது. இன்னொருமுறை நடுவானில் என்ஜின் நின்றபோது ஒரு பருந்துதான் வழிகாட்டி இறக்கிவிட்டது. கல்யாண வீடு, துக்க வீடு பாராமல் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ‘ஆகாசம்’ என்று பட்டப்பெயர் வந்தது.

அதெல்லாம் புளுகு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டியது நான்தான். அதைத்தான் நீங்கள் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். பயிற்சி இல்லாதவன் அரை நிமிடம்கூட வண்டியை அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். அதனால் பணியிலிருந்த பைலட்டை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் கேன்டீனில் தூங்கிக்கொண்டிருந்தார், பாவம். என்னுடையதைப் பிடுங்கி அவருக்குக் கொடுக்காதீர்கள்.

நான் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் தரை ஓட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பழுது பார்த்த வண்டியை நின்ற இடத்திலேயே முடுக்கி, விசிறியைச் சுற்றவிட்டு, சத்தம் கேட்டு, அணைத்துவிடுவது. இருக்கைக்கு இடப்பக்கம் ஒரு பிடி உண்டு. அதைத் தூக்கினால்தான் வண்டி எழும்பும். தரை ஓட்டத்தில் அதை வார் போட்டுக் கட்டிவைத்திருப்போம். வாரை அவிழ்க்காதவன் மெக்கானிக், அவிழ்ப்பவன் பைலட். நடுவில் வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பே மனைவியிடம் பைலட் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. அவள் அண்ணன், என் மச்சான், ஒருவன்தான் நம்பாதவன். “மாப்ளே, மொட்டை மாடி ஏறினாலே உனக்குத் தலை சுத்துமே” என்பான். முப்பத்துநாலு வருஷம் சிரித்துச் சமாளித்தேன். அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, கட்டிலருகே நின்றுகொண்டே சொன்னான்: “இவன் பைலட்டுன்னா நான்தான் ஹெலிகாப்டரு. ஸ்க்ரூ முடுக்குறவன்மா இவன்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலை என்னால் தாங்க முடியவில்லை, சார்.

மறுநாள் மதியம் இருவரையும் பணிமனைக்கு அழைத்துப்போனேன். காவலாளி தரை ஓட்டம் என்று நினைத்துச் சலாம் வைத்தார். தையல் இன்னும் ஆறாததால் அவளுக்குத் தலையணை வைத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தேன். பின்னால் மச்சான். “ஹாரன் எங்க இருக்கு மாப்ளே?” என்று சிரித்தான்.

விசிறி சுற்றத் தொடங்கியது. மூன்று பேர் காதிலும் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் குரல் வந்தது. “எனக்கு எல்லாம் தெரியுங்க. கல்யாணமான மாசமே தெரியும். சட்டையில கிரீஸை யாரு துவைச்சான்னு நினைச்சீங்க? போதும், அணைச்சிடுங்க. வீட்டுக்குப் போலாம்.”

மச்சான் சிரிப்பை நிறுத்தினான். “அதான் சொல்றாள்ல. அணைச்சிடு மாப்ளே.”

நிதானமாக யோசித்தேன். அதுவரை நம்பாதவன் ஒருவன். இப்போது இரண்டு பேர்.

வாரை அவிழ்த்தேன்.

எழும்பியது, சார். குடிகாரன் போல ஆடிக்கொண்டேதான், ஆனாலும் எழும்பியது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தேன். அவள் என் தோளை இறுகப் பிடித்தாள். பெருமையில் பிடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். “இறக்குங்க, இறக்குங்க” என்றாள். அப்போதுதான் உறைத்தது. தரை ஓட்டத்தில் இறங்குவது என்ற பாடமே கிடையாது. முப்பத்தொரு வருஷமும் முடுக்கினேன், அணைத்தேன், அவ்வளவுதான்.

எனவே தெரிந்ததைச் செய்தேன். கூரை உயரத்தில் என்ஜினை அணைத்தேன்.

அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். எப்படியும் ஒரு நாள் போகிறவர்கள்தானே எல்லோரும். மச்சானுக்கு இரண்டு காலும் இல்லை; பதினோரு நாள் பேச்சும் இல்லை. நேற்று என்னை அவன் கட்டிலருகே கொண்டுபோனீர்கள். கெஞ்சினேன், சார். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவன் என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டே வாய் திறந்தான். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அந்தத் தாளை இன்னும் ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், அவன் சொன்ன வார்த்தையிலேயே.

“ஓட்டினான் சார். இவன்தான் ஓட்டினான். வேணாம் வேணாம்னு என் தங்கச்சி கெஞ்சக் கெஞ்ச, ஆறு நிமிஷம் ஓட்டினான்.”