பேராசிரியரின் மறுகருத்து

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதுவது எனக்குப் பிடிக்காது, ஐயா. நாளிதழில் அறிவியல் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட காலமெல்லாம் அந்த ஒழுக்கத்தைக் கைவிட்டதில்லை.

பூமி சூடாகும் விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. மறுதரப்பே கிடைக்கவில்லை. நானும் சளைக்காமல் தொலைபேசியில் தேடினேன். ஆய்வாளர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: சூடாகிறது, மனிதர்களால்தான், கடல் ஏறுகிறது, இதில் சந்தேகமில்லை. என்ன செய்ய? செய்தியின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரை உட்கார வைத்தேன். "அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது" என்றார். அப்படி ஒருவர் கிடையாது. ஆனால் மரியாதையாகப் பேசினார்.

அந்த ஆய்வாளர்களில் ஒருவரான கடலாய்வு நிலையத்து அம்மா ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"யாரு சார் அந்தப் பேராசிரியர்? நாங்க எந்த மாநாட்டுலயும் பார்த்ததே இல்லையே."

"ரொம்பக் கூச்ச சுபாவம், மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

மனைவி பிரிந்து போனபின் வீட்டில் பேச்சுத் துணைக்கு எனக்குப் பேராசிரியர்தான். குடை எடுத்துப் போகலாமா என்றுகூட அவரிடம் கேட்பேன். பார்க்கலாம் என்பார். பல நாள் தொப்பலாக நனைந்திருக்கிறேன். சொந்தம் என்று மிஞ்சியது ஒரே தங்கை. ஆறு கடலில் சேரும் இடத்துத் தெருவில் கணவரோடு குடியிருந்தாள். என் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தவள் அவள் ஒருத்திதான்.

புயல் நெருங்கியபோது கடலாய்வு அம்மா தெளிவாகச் சொன்னார்: கடல் மட்டம் ஏறியிருப்பதால் இந்த முறை தண்ணீர் அந்தத் தெருவுக்குள் வரும், எல்லாரும் கிளம்பிவிட வேண்டும். அதை ஒரு சொல் குறைக்காமல் போட்டேன். கீழே பேராசிரியர், "பீதியைக் கிளப்ப வேண்டாம், அந்தத் தெரு தாங்கும்" என்றார்.

பத்திரிகையைப் பார்த்துவிட்டுத் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் மூட்டை கட்டிட்டாங்க. இவருக்குக் கால்ல கட்டு, தூக்கிட்டுத்தான் போகணும். உன் பேராசிரியர் இருக்கலாம்ங்கிறாரு. நெஜமா நம்பலாமா? நீ சொல்லு, எனக்கு அது போதும்."

சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பொய் என்று தெரிந்தால் அதற்குப் பிறகு என் பக்கத்தைப் படிப்பாளா? கூப்பிடுவாளா? எனக்குப் பயமாக இருந்தது, ஐயா.

"விஷயம் தெரிஞ்சவரும்மா. இருங்க," என்றேன்.

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தே."

தண்ணீர் வடிந்தபோது இருவரும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தார்கள். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. செத்தது இவர்கள் மட்டும்தான். நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று உங்கள் காவல் நிலைய அறையில் தனியாக இருந்தபோது வாய்விட்டு அழுதேன். பேராசிரியர்தான் தேற்றினார். அவர் நிதானமானவர். தங்கை இறந்துவிட்டாள் என்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாதாம்.