கண்ணாடியில் உங்க காதுதான் தெரியுது

— அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் சுத்து.

— இந்தப் பக்கம்தாங்க சுத்தறேன். ஏற மாட்டேங்குது.

— அதாவது, இந்த ஸ்கூட்டருக்கு வலது கண்ணாடி மரை மட்டும் தலைகீழா இருக்கும். சொல்ல மறந்துட்டேன்.

— நல்லா மறந்தீங்க. நான் இங்க மல்லுக்கட்டிட்டு இருக்கேன், நீங்க நாற்காலில உட்கார்ந்து வேடிக்கை பாக்கறீங்க.

— மணிக்கட்டு மட்டும் சரியா இருந்தா உன்னை விடுவேனா? கிளட்சே அமுக்க முடியாத கை, ஸ்பேனரைப் பிடிக்குமா?

— சும்மா சொன்னேன். கையை மடியிலயே வெச்சுக்குங்க. ம், ஏறிடுச்சு.

— முழுசா இறுக்காத. முதல்ல உட்கார்ந்து பாரு. நிமிர்ந்து. தையல் மிஷின் முன்னால குனியறாப்பல குனியாத.

— அந்த மிஷின்தான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டுச்சு.

— பாதிச் சோறு. மீதிக்கு நான் ஆபீஸ் போனேன்.

— சரி, பாதி. ஆனா பெரிய பாதி.

— அதை அப்புறம் பேசலாம். கண்ணாடில என்ன தெரியுது?

— என் முழங்கை. அழகா இருக்கு.

— கழுத்தை வெளியே தள்ளு. உன் கழுத்தை இல்லம்மா, கண்ணாடியோட கழுத்தை. ஒரு நூல் போதும்.

— இப்போ என் தோள் கொஞ்சூண்டு, அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர், தெரு. சுவர் மேல ஒரு பூனை.

— பூனை எப்படியோ போகட்டும். தெரு தெரிஞ்சா சரி. ஸ்டார்ட் பண்ணு.

— பண்ணிட்டேன். பூனை நாலாயிடுச்சுங்க.

— அதாவது, அதிருது. நிறுத்து. பழைய டியூப்ல வட்டமா ஒரு துண்டு வெட்டி அடியில குடு. உன் கத்தரிக்கோலை எடு.

— துணி வெட்டற கத்தரியை ரப்பர்ல வெக்க மாட்டேன். உங்க மீசைக் கத்தரியை எடுத்துக்கறேன்.

— எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எனக்கு என்ன மரியாதை இருக்கு இங்க. இவ்வளவு பாடும் நீ அவ வீட்டுக்குப் போறதுக்குத்தானே.

— அவன்னா யாரு? நம்ம பொண்ணு. அவளே எத்தனை நாள் காரை எடுத்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போவா? பஸ்ல போனா ரெண்டு வண்டி மாறணும். மூடிப் போட்டிருந்த வண்டி வீட்டுல நிக்குது, கையில லைசென்ஸ் இருக்கு. துரு தின்ன கண்ணாடியை மாத்தறது மட்டும்தான் பாக்கி.

— நான் ஒண்ணும் தடுக்கலியே.

— தடுக்கல. வரவும் இல்ல. அவ ஆசை ஆசையா வீட்டுப் பிளானை விரிச்சா. நாலு பேர் முன்னால, "இது வீடா, தீப்பெட்டியா"ன்னு கேட்டீங்க.

— வேடிக்கையாத்தான் கேட்டேன்.

— அவளும் கோவத்துல, "அப்போ நீங்க வராதீங்கப்பா"ன்னா. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டீங்க. வீடு எழும்பி, குடி போயி, பேத்தியும் பொறந்து, இப்போ அது நடக்கவே ஆரம்பிச்சாச்சு.

— சுவரைப் பிடிச்சா, பிடிக்காமலா?

— பிடிக்காம. தெரிஞ்சுக்கணும்னா நேர்ல பாக்கணும்.

— ரப்பர் வெச்சாச்சா?

— வெச்சாச்சு. இப்போ ஸ்டார்ட் பண்ணா பூனை ஒண்ணுதான். நல்லவேளை.

— இன்னும் முடியல. அதாவது, பின்னால ஆள் உட்கார்ந்தா வண்டி அமுங்கும், கண்ணாடி தரையைப் பாக்கும். பாரத்தோட பாத்து வெச்சாத்தான் கணக்கு.

— பின்னால யாரு உட்காரப் போறா?

— யாராவது. ஒரு பேச்சுக்கு.

— அந்த யாராவது காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிட்டு உட்கார்ந்திருக்காரே. பாத்தேன். கேக்க வேணாம்னு விட்டேன்.

— சோதனைக்குத்தான் ஏறறேன். வண்டியைக் கெட்டியாப் பிடி. ம். இப்போ என்ன தெரியுது?

— இடதுல உங்க காது. வலதுலயும் உங்க காது.

— வெளியே தள்ளு. ஒரு நூல்.

— ஒரு நூல் உங்க காதுக்குப் பத்தாது. இருங்க. ஆங், இப்போ தெரு முழுசாத் தெரியுது. ஓரத்துல உங்க மூஞ்சி. சிரிக்கறீங்களா?

— வெயிலுக்குக் கண்ணு கூசுது.

— கூசட்டும். நட்டை இறுக்கிட்டேன். ஆட்டிப் பாருங்க.

— ஆடல.

— அப்போ சோதனை முடிஞ்சுது. இறங்கறீங்களா?

— இறங்கணுமா?

— கேட்டேன்.

— இந்த முட்டியை வெச்சுட்டு ஏறினதே பெரும்பாடு. தெருமுனை வரைக்கும் போ.

— தெருமுனை தாண்டினா மேம்பாலம். மேம்பாலத்துல திரும்ப முடியாது. நேரா அவ வீடுதான்.

— தெரியும். போ.

— என் தோளைப் பிடிச்சுக்குங்க. அங்க போனதும் நீங்க வண்டிகிட்டயே நில்லுங்க. நான் முதல்ல உள்ள போயி அவகிட்ட பக்குவமா சொல்றேன்.

— சொல்லு. ஆனா அந்த கேட்டைத் தள்ளாத, லேசாத் தூக்கித் தொற. இல்லன்னா கிரீச்சுன்னு கத்தும். நான் போனப்பல்லாம் அது கத்தி, உள்ள இருந்து அவ "யாரது"ன்னு குரல் குடுத்து, பதில் சொல்ல வாய் வராம அப்படியே பஸ் ஏறித் திரும்பி வந்துட்டேன்.