எட்மோனின் கீரைப் பாத்தியில் நாணல்

ரோஸோ நல்ல செடி, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் கொறுக்கை நாணல் என்பார்கள். ஒரு தடவை நட்டால் இருபது வருஷம் வெட்டலாம், உரம் கேட்காது. தக்காளிக்கு முட்டுக் கொடுக்கலாம், தட்டி பின்னலாம். கடற்கரை ஹோட்டல்காரர்கள் இப்போது அந்தத் தட்டியைத்தான் தேடி வருகிறார்கள்.

என் பெயர் ருக்மணி. பகலில் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் காலர் இணைக்கிறேன். மாலையில் ரிவியேர் தே ஸாங்கீ ஊரில் விவசாய வகுப்பு. ரோஸோவுக்கு விதை வேண்டாம், வெட்டிய துண்டே முளைக்கும், அதை ஓடையில் போட்டால் தண்ணீரை அடைத்துவிடும் என்று வாத்தியார் சொன்னார். எழுதிக்கொண்டேன். ஆனால் நம்பிக்கை வரவில்லை. எனக்கு எதிலும் அப்படித்தான்.

எட்மோன் எங்கள் ஓடையில் க்ரேஸோன் கீரை வளர்த்தார். ஓடும் தண்ணீரில்தான் அது வரும். அவருக்கும் அவர் மகளுக்கும் அதுதான் சோறு. வாத்தியார் சொன்னது நிஜமா என்று அவரிடமே கேட்டேன்.

"ஏ மாம்ஸெல், இந்தத் துண்டா ஆத்தை அடைக்கும்? உன் நோட்டு இன்னும் கொஞ்சம் தடிச்சா அது வேணா அடைக்கும்."

துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே பன்னிரண்டு துண்டுகளைப் போட்டேன், அவர் பாத்திக்குச் சற்று மேலே. வேறு இடமும் இருந்தது. ஆனால் அவர் பாத்திப் பக்கம்தான் தண்ணீர் மெதுவாக ஓடும், அளக்க வசதி.

ஓர் அளவுகோல் நட்டு, ஞாயிறுதோறும் தண்ணீர் உயரத்தை அளந்தேன். ஏழு துண்டுகள் வேர் பிடித்தன. இரண்டாம் வருஷம் கீரை பாதி அழுகிப்போயிற்று. எட்மோன் நாணலை வெட்டி வெட்டித் தண்ணீரிலேயே விட்டார். ஒவ்வொரு கணுவும் கீழே போய் முளைத்தது.

"நீ சொன்னது நெசந்தான், மாம்ஸெல். இப்ப என்ன பண்றது?"

இன்னும் வெட்டுங்கள் என்றேன்.

பிப்ரவரிப் புயல் மழையில் ஓடை நாணலுக்குப் பின்னால் தேங்கி, அவர் வீட்டு வாசலுக்கு ஏறியது. மகளை மேட்டில் ஏற்றிவிட்டு, அடைப்பைத் திறக்க அவர் இறங்கினார். நான் கரையில் நின்று அளந்துகொண்டிருந்தேன். வேர்களுக்குள் கால் மாட்டிக்கொண்டது. கையிலிருந்த கத்தியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

"மாம்ஸெல், அந்த அரிவாளைக் குடு."

அது என் காலடியில்தான் கிடந்தது. தண்ணீர் அப்போது அவர் கழுத்தளவு; கோலில் ஒரு மீட்டர் நாற்பது. கொடுத்திருந்தால் அடைப்பு உடைந்திருக்கும், ஐயா. அது எவ்வளவு தேக்கும் என்பது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.