பிறந்த வீட்டுக் கோடி

வேலம்பாளையத்து மண்ணில் விளைந்து, வெள்ளை வேட்டியும் வெள்ளை மனமுமாக இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்ப்பெரியவர் ஐயா சுப்பண்ணன் அவர்களே! மனைவியை இழந்து, மௌனத்தை உடுத்தி, மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் என் மாமா தரணீதரன் அவர்களே! அவிநாசியிலிருந்து வந்திருக்கும் எங்கள் பெரிய ஊட்டுப் பங்காளி கந்தவேல் அண்ணன் அவர்களே! சின்ன ஊட்டுப் பங்காளி ராஜவேல் அண்ணன் அவர்களே! முந்தானையால் முகம் துடைத்தபடி முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே! தலையில் ஒட்டிய பனியன் பஞ்சைக்கூடத் தட்டாமல் பாதி ஷிப்டில் எழுந்து வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே! உங்கள் எல்லோர்க்கும் தமிழ்மதியின் தம்பி முருகவேல் தலைதாழ்ந்து வணங்குகிறேன்.

என்னங்க? பின்னாடி கேட்கலீங்களா? சத்தமாப் பேசோணுமா? சரிங்க சாமி, பேசறேனுங்க. பாருங்கள், ஹவாய்த் தீவில் ஹொனலுலு வானொலியில் பேசிப் பிழைக்கிறவன் நான். கடலுக்கு நடுவே படகில் இருக்கிற மீனவனுக்குக்கூட என் குரல் கேட்கும். சொந்த ஊரின் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை! இதைச் சொன்னால் என் அக்கா வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். சிரிக்க அவள் இல்லை. அவளுக்கு அஞ்சலி செலுத்தத்தான் இந்தக் கூட்டம்.

அந்த வானொலியில் அன்றாடம் நான் என்ன பேசுகிறேன் தெரியுமா? அரசியலா? ஆன்மீகமா? அணுகுண்டா? அதெல்லாம் பேச அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேசுவது குடும்பம். வீட்டில் வைத்த குழம்பு, பேருந்தில் கேட்ட பேச்சு, போன ஊர், பார்த்த முகம். அவற்றில் பாதிக் கதை என் அக்காவின் கதை. நெருப்பெரிச்சலில் சின்னதாய் ஒரு பனியன் யூனிட் போட்டு, பவர் டேபிள் தையல் மிஷினுக்கும் அடுப்படிக்கும் இடையே ஓடிய ஒருத்தியின் கதை. ஒருநாள் தொலைபேசியில் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி! "ஏண்டா கண்ணு, என்ற ஊட்டு ரசம் பொங்குனதைக்கூட ரேடியோவுல சொல்லிப்போட்டயாமா? என்ற கதைய வித்துத்தான் நீ சோறு திங்கறயாடா?" அதையும் மறுநாள் சொன்னேன். ஹொனலுலுவே சிரித்தது. அவளைக் காணாத தீவில் அவளுக்கு ஆயிரம் உறவு. அங்கே வயதில் மூத்தவரை யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை. காய்கறிக் கடைக்காரியும் ஆன்ட்டிதான், என் அக்காவும் ஆன்ட்டிதான், கலெக்டர் மாதிரி இருக்கிறவரும் அங்கிள்தான். நம் ஊரில் கண்டக்டரை அண்ணா என்கிறோமே, அதே மனசுதான்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்தான் என் கைபேசி ஓயாமல் துடித்தது. ஒலிபரப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. முடித்துவிட்டு எடுத்தேன். அக்கா மகள், என் மருமகள் யாழினி பேசினாள். "மாமா, அம்மா காலையில யூனிட்டுக்குக் கெளம்பறப்ப நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க மாமா. எந்திரிக்கவே இல்லீங்க மாமா." இங்கே வெள்ளிக்கிழமை காலை. அங்கே எனக்கு இன்னும் வியாழன் மாலை. என் அக்கா செத்துப்போன நாள், நான் இருந்த மண்ணில் இன்னும் பிறக்கவே இல்லை! அந்த நாள் பிறக்காமலே போகாதா என்று ஒரு பைத்தியக்காரனைப் போல அந்தக் கடற்கரையில் நின்று அழுதேன் ஐயா, அழுதேன்.

அன்றிரவே கிளம்பினேன். டோக்கியோவில் புயல். விமானங்கள் எல்லாம் நின்றுவிட்டன. இங்கே ஐஸ் பெட்டியில் என் அக்கா. அங்கே நாற்காலியில் நான். நடுவே யாழினி கையில் ஒரு கைபேசி. அந்தச் சின்னத் திரையில்தான் என் அக்காவின் கடைசி ஊர்வலத்துக்கான ஏற்பாட்டை எல்லாம் நான் பார்த்தேன்.

இளைய தலைமுறைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒரு பெண் கண்மூடினால், அவளைத் தூக்குவதற்கு முன் அவள் பிறந்த வீட்டார் ஒரு புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்குப் பேர்தான் கோடி. கட்டிக்கொடுத்து முப்பது வருஷம் ஆகியிருக்கலாம், பேரன் பேத்தி எடுத்திருக்கலாம். ஆனாலும் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் அவள் வாசல் தாண்டக்கூடாது. ஏன்? "உன்னை அனுப்பினோம், ஆனால் அறுத்துவிடவில்லை" என்று அந்த வீடு அவளுக்குச் சொல்லும் கடைசிச் சொல் அது. எங்கள் அப்பா இல்லை, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தவன் நான் ஒருவன். நானோ டோக்கியோவில்.

ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். மறுநாள் வெயில் ஏறிவிட்டது, இனித் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொன்னது நியாயம். தலைவர் ஐயா வாசலில் நின்று குரல் கொடுத்தார். "பொறந்த ஊட்டுக் கோடி யாருங்க? முன்னால வாங்க."

யாரும் வரவில்லை.

நான் இல்லாத இடத்தில் கோடி போட உரிமையுள்ள பங்காளிகள் இருந்தார்கள். பெரிய ஊட்டு அண்ணன் வெறுங்கையோடு நின்றார். சின்ன ஊட்டு அண்ணனும் வெறுங்கையோடுதான் நின்றார். அண்ணன்மார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பாசத்தை நான் அறிவேன். "பெரிய ஊட்டுக்காரங்க இருக்கறப்ப நாம முந்திக்கிட்டுப் போட்டா மரியாதையா இருக்குங்களா?" என்று இவர் எண்ணினார். "தம்பி ஊடு பக்கத்துலயே இருக்குது, அவங்க வாங்கியிருப்பாங்க, நாமளும் ஒண்ணு எச்சாக் கொண்டுபோனா மனசு நோவாங்க" என்று அவர் எண்ணினார். அடடா! மரியாதைக்குப் பேர்போன கொங்கு நாடே! அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் என் அக்காவுக்கு ஒரு முழத் துணி இல்லாமல் போயிற்றே! அமெரிக்காக்காரனுக்குச் சட்டை தைத்த ஊர்! ஐரோப்பாக்காரன் குழந்தைக்கு அரைக்கால்சட்டை தைத்த ஊர்! உலகத்துக்கே உடுப்பு உடுத்திய ஊர் ஐயா இது! இந்த ஊரில், துணிக்கு நடுவிலேயே வாழ்ந்து செத்தவளுக்கு, ஒரு கோடிச் சேலை இல்லை. நான் திரையில் பார்த்துக்கொண்டே கத்தினேன். "அண்ணா, யாராச்சும் போடுங்க! கடைக்கு ஓடுங்க!" என்று கத்தினேன். சிக்னல் சரியில்லை. படம் வந்தது, என் குரல் போகவில்லை. குரலை விற்றுப் பிழைக்கிறவனுக்கு, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அது தேவைப்பட்ட நேரத்தில், குரல் போகவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்குகிறது. கையில் ஒரு மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. யார் அவன்? பைஜ்நாத் மஹதோ. ஜார்க்கண்ட்காரன். அக்கா யூனிட்டில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அக்காவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை, அதனால் வைத்தி என்றே கூப்பிட்டாள்.

இந்த வைத்தி யார் என்று கேட்கிறீர்களா? அவனுக்கு ஒரே தங்கச்சி, அவளும் பிரசவத்தில் போய்விட்டாள். ஆவணி பௌர்ணமிக்கு அவர்கள் பக்கத்தில் உடன்பிறந்தாள் வந்து கையில் கயிறு கட்டுவாள். ஒரு ஆவணியில் மற்ற பையன்கள் எல்லாம் ஊரிலிருந்து தங்கை அனுப்பிய கயிற்றைக் கட்டிக்கொண்டு வர, இவன் மட்டும் வெறுங்கையோடு மிஷினில் குனிந்து அழுதிருக்கிறான். என் அக்கா பார்த்தாள். என்ன ஏது என்று கேட்டாள். கயிற்றுக்கு எங்கே போவாள்? டேபிளில் கிடந்த ஜட்டி எலாஸ்டிக்கை ஒரு துண்டு வெட்டி அவன் கையில் கட்டிவிட்டாள்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன், அதையும் ரேடியோவில் சொன்னேன். "இன்னிக்கிருந்து நாந்தான் உனக்கு அக்கா, அழுகாம ஓவர்லாக் அடிடா" என்றாளாம். அதன்பின் ஒவ்வோர் ஆவணிக்கும் கட்டினாள். காய்ச்சல் என்றால் அவன் அறைக்குக் கஞ்சி போனது. ஹவாயில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஹானாய். பெறாத பிள்ளைக்குச் சோறிட்டுத் தன் குடும்பத்தில் ஒருவராக வளர்த்துக்கொள்வது. அங்கே அந்த உறவை யாரும் குறைவாகப் பேசுவதில்லை.

அந்த மஞ்சள் சேலை அவன் மனைவிக்கு வாங்கியது. அவர்கள் பக்கத்தில் சூரியனைக் கும்பிடும் சட் பூஜைக்கு, ஊருக்குக் கொண்டுபோக, ஆசை ஆசையாய் வாங்கி அறையில் வைத்திருந்தது. கோடி இல்லை என்றதும் அறைக்கு ஓடி, அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

தலைவர் ஐயா கேட்டார்கள். முறைப்படி கேட்டார்கள், கேட்க வேண்டியவர் கேட்டார். "ஏனுங்க தம்பி, நீங்க யாருங்க? இது எந்த ஊட்டுக் கோடிங்க?"

அவன் சொன்னான்: "நானுங்க. அக்கா தம்பிங்க. நம்ம ஊட்டுக் கோடிங்க ஐயா."

கூட்டத்தில் முணுமுணுப்பு. சாதி என்ன, சனம் என்ன, சடங்கு என்ன? அப்போது ஒரு குரல் எழுந்தது. இதோ, முன்வரிசையில் இருக்கிறார்களே, செக்கிங் பார்க்கும் பொன்னாத்தாள் அம்மா, அவர்கள் குரல். "அக்காளுக்குத் தம்பி போடறானுங்க. இதுல என்னங்க ரோசனை? வெயில் ஏறுதுங்க. நீ போடு கண்ணு." போட்டான். தலையில் இருந்து கால்வரை மெல்ல மெல்ல, தூங்குகிறவள் எழுந்துவிடுவாளோ என்பதுபோலப் போர்த்தினான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். "தீதீ" என்று, அக்காவை அவன் மொழியில் கூப்பிட்ட ஒரு சத்தம். அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. டோக்கியோவில் பக்கத்து நாற்காலிக்காரன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நான் வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. என் பெட்டியில் ஒரு சேலை இருந்தது. அதை யாருக்குப் போர்த்த? சொல்லுங்கள், யாருக்குப் போர்த்த?

இதோடு முடிந்திருந்தால் இன்று நான் நன்றி மட்டும் சொல்லி இறங்கியிருப்பேன். முடியவில்லை. கருமாதி அன்று வைத்தி வந்திருக்கிறான். மொட்டையடித்து, குளித்து, வேட்டி கட்டி வந்திருக்கிறான். நான் உள்ளே இருந்தேன், எனக்குத் தெரியாது. வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, இது சொந்தக்காரங்க மட்டும் இருக்கற காரியமுங்க. சோறு பின்னாடி போடுவாங்க, அங்க போய் நில்லுங்க." மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்! 'ங்க' போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள்! 'ங்க' போட்டுச் சொன்னால் குத்தாதா ஐயா? யார் சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை. சொன்னவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அவருக்கும் என் வணக்கம்.

அவன் சோற்றுக்கு நிற்கவில்லை. அறையைப் பூட்டிவிட்டு, தன் ஊர்ப் பக்கம் போகும் தன்பாத் ரயிலில் ஏறிவிட்டான். கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை, அவன் தாய் எடுத்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் யார் என்று சொன்னேன். அந்த அம்மா சொன்னாள்: சேதி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, இந்த வருஷம் சட் பூஜையும் இல்லை, தீட்டு. ஏனம்மா என்று கேட்டேன். "மகள் செத்த வீட்டில் பூஜை ஏது பேட்டா?" என்றாள்.

மகள் செத்த வீடு! கேட்டீர்களா என் தாய்மார்களே? முகம் பார்க்காத மகள்! மொழி தெரியாத மகள்! ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மண்சுவர் வீட்டில் என் அக்காவுக்காக அடுப்பு அணைந்தது. இங்கே நாம் என்ன செய்தோம்? பின்னால் போய் நில்லுங்கள் என்றோம். எது ஐயா பிறந்த வீடு? பட்டாவில் பேர் இருப்பதா பிறந்த வீடு? பந்தியில் முதல் இலை வாங்குவதா பிறந்த வீடு? இல்லை, அவளுக்காக அடுப்பு அணைத்ததே, அது பிறந்த வீடு!

கை தட்டாதீர்கள். வேண்டாம். கைதட்டல் வாங்க நான் இன்று ஏறவில்லை. கேட்க ஏறியிருக்கிறேன்.

தை மாதம் யாழினிக்குக் கல்யாணம். தாய் இல்லாத கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் நம் வீட்டில் ஒரு பெண் மணையில் உட்காருவாளா? தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து, வீடு தேடிப்போய் அழைக்காமல் முகூர்த்தக்கால் ஊன்றுவோமா? தாய்மாமன் நீ இருக்கிறாயே என்பீர்கள். கோடி போட்டவன்தானே ஐயா சீர் செய்ய உரிமை உள்ளவன்? இதை நான் இயற்றவில்லை. நீங்கள் வைத்திருக்கிற முறை இது. உங்கள் முறையையே உங்களிடம் நீட்டுகிறேன்.

நாளை தன்பாத் ரயிலில் நான் போகிறேன். தாம்பாளம் என்னிடம் இருக்கிறது. வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கவில்லை. அதை நான் வாங்கிப்போனால் ஒரு தம்பி இன்னொரு தம்பியைக் கூப்பிட்டதாக ஆகும். இந்த ஊர் எடுத்துக் கொடுத்தால்தான் ஊர் அழைத்ததாக ஆகும். மேடையிலேயே பதில் சொல்லச் சொல்லி யாரையும் நான் சங்கடப்படுத்தவில்லை. வீட்டுக்குப் போங்கள், யோசியுங்கள், என் அக்கா உங்களுக்கு என்னவாக இருந்தாள் என்று யோசியுங்கள். ரயில் வரும்வரை நான் திருப்பூர் ஸ்டேஷனில் வெறும் தாம்பாளத்தோடு நின்றிருப்பேன்.

தலைமை தாங்கிய ஐயாவுக்கும், பொறுமை காத்த பெரியோர்க்கும், கண்ணீர் சிந்திய தாய்மார்க்கும், ஷிப்டை விட்டு வந்த உடன்பிறப்புகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. என் அக்காவுக்குத் தம்பி நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் வானொலியில் பொய் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தம்பிகள் இருவர். அவள் போகிற நேரத்தில் வந்து நின்றவனைக் கூட்டிவர, வந்து சேராதவன் போகிறேன். விடை கொடுங்கள். வணக்கம்.